விஜயகாந்துக்கு உண்மையில் எவ்வளவு வாக்கு இருந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழகத்தில் யார் புதிதாகக் கட்சி தொடங்கினாலும் நடிகர் விஜயகாந்த் தொடங்கிய தேமுதிகவின் கணக்கு மறுபடியும் பேச்சுக்கு வந்துவிடுகிறது. "முதல் தேர்தலிலேயே எட்டு சதவீதம் வாங்கியவர்" என்பார் ஒருவர். "எதிர்க்கட்சித் தலைவராக இருந்து டெபாசிட் இழந்தவர்தானே" என்பார் இன்னொருவர். இரண்டும் நடந்தவைதான். ஆனால் விஜயகாந்தின் பலம் பற்றி இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வருபவர்களோடு வாதாடிச் சலித்துப்போனதால் இந்தக் கேள்வி-பதில்.

முதலில் எண்களைச் சொல்லுங்கள்.

2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தேமுதிக தொடங்கப்பட்டது. 2006 சட்டமன்றத் தேர்தலில் தனித்து 232 தொகுதிகளில் நின்று சுமார் 27.6 லட்சம் வாக்குகள், அதாவது 8.4 சதவீதம், வென்றது ஒரு தொகுதி. 2009 மக்களவைத் தேர்தலில் மறுபடி தனித்து நின்று சுமார் 31 லட்சம் வாக்குகள், ஏறத்தாழ 10 சதவீதம், வென்றது பூஜ்யம். 2011-ல் அதிமுக கூட்டணியில் 41 இடங்களில் நின்று 29-ல் வெற்றி, 7.9 சதவீதம். 2014-ல் பாஜக கூட்டணியில் 14 மக்களவைத் தொகுதிகள், 5.1 சதவீதம், பூஜ்யம். 2016-ல் மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளராக, கட்சிக்கு 104 தொகுதிகள், 2.4 சதவீதம், மீண்டும் பூஜ்யம்.

இந்த ஐந்து சதவீதங்களை ஒரே கோட்டில் அடுக்கி "ஏறினார், இறங்கினார்" என்று வரைபடம் போடுகிறவர்கள் முதல் தவற்றைச் செய்துவிடுகிறார்கள். 232 தொகுதிகளில் திரட்டியதும் 41 தொகுதிகளில் திரட்டியதும் ஒரே வகை எண் ஆகாது. ஏன் என்பது கீழே வரும்.

8.4 சதவீதம் வாங்கியும் ஒரே ஒரு தொகுதிதானா? அதை எப்படிப் பலம் என்பது?

2006 முடிவுப் பட்டியலில் இதற்கு நேரான பதில் கிடக்கிறது. அந்தத் தேர்தலில் காங்கிரஸும் தேமுதிகவும் மாநிலம் முழுக்க வாங்கிய வாக்குகள் கிட்டத்தட்ட சமம். இரண்டும் 27 லட்சத்து அறுபதாயிரத்தைச் சற்றே தாண்டியவை, இரண்டும் 8.4 சதவீதம். காங்கிரஸுக்கு 34 இடங்கள். தேமுதிகவுக்கு 1.

காங்கிரஸ் திமுக கூட்டணியில் வெறும் 48 தொகுதிகளில் நின்றது. அங்கெல்லாம் திமுக, பாமக, கம்யூனிஸ்டு வாக்குகளும் கைச் சின்னத்தில் விழுந்தன. தேமுதிகவோ அதே அளவு வாக்கை 232 தொகுதிகளில் பரப்பி வைத்திருந்தது; சராசரியாகத் தொகுதிக்கு பன்னிரண்டாயிரம் வாக்குகள். நம் தேர்தல் முறையில் பன்னிரண்டாயிரம் வாக்குக்கு இடம் கிடையாது. ஆனால் அந்தப் பன்னிரண்டாயிரம் ஒவ்வொன்றும் தேமுதிகவின் முரசுச் சின்னத்தைப் பார்த்துப் போட்ட வாக்கு. காங்கிரஸின் 8.4-ல் காங்கிரஸுக்கென்றே விழுந்தது எத்தனை என்று காங்கிரஸ்காரர்களாலேயே சொல்ல முடியாது.

அதே ஆண்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதிமுகவின் வாக்கு சதவீதம் 32.6, திமுகவுக்கு 26.5. ஆட்சிக்கு வந்தது திமுக. அதிமுக 188 இடங்களிலும் திமுக 132 இடங்களிலும் நின்றதால் வந்த வேறுபாடு இது. கட்சி வாரியான சதவீதத்தை வைத்துப் பலம் பேசினால், 2006-ல் கருணாநிதி தோற்றதாகக்கூட நிரூபித்துவிடலாம்.

அதெல்லாம் ரசிகர் மன்ற வாக்குதானே?

அடித்தளம் மன்றம்தான், அதில் ஐயமில்லை. கட்சி தொடங்கும் முன்பே, 2001 உள்ளாட்சித் தேர்தலில் மன்றத்தினர் சுயேச்சைகளாக நின்று பல இடங்களில் வென்றிருந்தார்கள். வாக்குச்சாவடிக்கு முகவர் போடவும் சுவரில் முரசு வரையவும் ஆள் இருந்தது அப்படித்தான்.

ஆனால் ரசிகர் கூட்டம் தானாக வாக்காக மாறிவிடும் என்றால் சிவாஜி கணேசன் 1989-ல் திருவையாறில் தோற்றிருக்கக் கூடாது. அவருக்கு இல்லாத ரசிகர்களா? விஜயகாந்துக்குக் கூடுதலாக வந்தது இரண்டு கழகங்களும் வேண்டாம் என்று இருந்தவர்களின் வாக்கு. 2006-ல் பெரிய கட்சிகள் எல்லாம் இரண்டு அணிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தன. காங்கிரஸ், பாமக, இடதுசாரிகள் ஒரு பக்கம். மதிமுக, விசிக மறுபக்கம். வெளியே நின்ற கட்சிகளில் மாநிலம் முழுக்கத் தெரிந்த முகம் அவருடையது மட்டுமே.

விருத்தாசலம் வெற்றி எந்த அளவுக்குப் பெரியது?

அவர் காலத்துக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. மதுரைக்காரரான அவர் பாதுகாப்பான சொந்த ஊர்த் தொகுதி எதையும் தேடவில்லை. கடலூர் மாவட்டத்தில், பாமகவின் கோட்டை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விருத்தாசலத்தில் போய் நின்றார். எதிரே இருந்தவர் பாமகவின் அப்போதைய சட்டமன்ற உறுப்பினர். திமுக கூட்டணியின் முழு பலமும் அவருக்கு. விஜயகாந்துக்குக் கூட்டணி இல்லை, சாதி வாக்கு இல்லை, அப்பகுதியில் கட்சிக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. பதின்மூன்றாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

ஒரு தொகுதியை வைத்து மாநிலத்தை அளக்கக் கூடாது என்பது சரி. ஆனால் வட மாவட்டங்களில் அவருக்கு விழுந்த வாக்கு வெறும் திரைக்கவர்ச்சி இல்லை என்பதற்கு இதைவிடக் கடினமான தேர்வு வைக்க முடியாது. பின்னர் அவர் நின்ற ரிஷிவந்தியமும் உளுந்தூர்பேட்டையும் பழைய தென்னார்க்காட்டு வட்டாரத்திலேயே இருப்பதைக் கவனியுங்கள். ஒரே தொகுதியில் இரண்டாம் முறை நின்றதில்லை. ஆனால் வட்டாரத்தை விடவுமில்லை.

2009-ல் ஓர் இடமும் இல்லை. அதை உச்சம் என்கிறார்களே?

நானும் அப்படித்தான் சொல்வேன். மக்களவைத் தேர்தல் என்றால் பிரதமர் யார் என்ற கேள்விதான் முன்னால் நிற்கும். அந்தக் கேள்விக்கு விஜயகாந்திடம் பதிலே கிடையாது. வெற்றிவாய்ப்பு இல்லை என்று தெரிந்தும் முப்பத்தொரு லட்சம் பேர் வாக்களித்தார்கள். மூன்றாண்டுகளுக்கு முன் வாங்கியதைவிடக் கூடுதல். அதுவும் அத்தனை இடங்களும் திமுக அணிக்கு 27, அதிமுக அணிக்கு 12 என்று முடிந்த தேர்தலில்.

தமிழகத்தில் புதிய கட்சிகள் முதல் தேர்தலில் பெற்றதை இரண்டாவதில் இழப்பதுதான் வழக்கம். கூட்டணி இல்லாமல் இரண்டாவது முறையும் நின்று வாக்கைக் கூட்டிக் காட்டியதால்தான் 2011-ல் ஜெயலலிதா 41 இடங்களைக் கொடுக்க வேண்டிவந்தது. 29 இடங்கள் 2011-ல் விளைந்தாலும் அதற்கான விலை 2009-ல் நிர்ணயமானது.

அப்படியானால் 2011-ல் வென்ற 29 இடங்கள் அவருடைய பலமா, அதிமுகவின் பலமா?

இதில்தான் சண்டை அதிகம். கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

அதிமுக 165 தொகுதிகளில் நின்று சுமார் 1.41 கோடி வாக்குகள் பெற்றது. தொகுதிக்குச் சராசரி 86,000. தேமுதிக 41 தொகுதிகளில் சுமார் 29 லட்சம்; தொகுதிக்குச் சராசரி 71,000. ஒரே கூட்டணி, ஒரே அலை, ஆனால் இரட்டை இலை நின்ற இடத்துக்கும் முரசு நின்ற இடத்துக்கும் பதினைந்தாயிரம் வாக்கு இடைவெளி. அதே அணியில் இருந்த இரு கம்யூனிஸ்டு கட்சிகளின் சராசரியும் எழுபதாயிரத்துச் சொச்சம்தான். அதாவது, கூட்டணியின் இளைய பங்காளி எவர் நின்றிருந்தாலும் ஏறக்குறைய அந்த வாக்கு விழுந்திருக்கும் என்ற வாதத்துக்கு இடமிருக்கிறது. தனித்து நின்றபோது தொகுதிக்குப் பன்னிரண்டாயிரம் வாங்கிய கட்சி எழுபதாயிரத்தைத் தொட்டால், மீதி யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் இதை ஒரு பக்கமாகவே படிக்கக் கூடாது. எழும்பூரில் தேமுதிக வேட்பாளர் திமுகவின் பரிதி இளம்வழுதியைச் சில நூறு வாக்குகளில் தோற்கடித்தார். அந்த மாதிரி இடத்தில் சொந்தமாக வந்த ஐயாயிரமோ பத்தாயிரமோ வாக்கு இல்லாமல் கூட்டணி வாக்கு மட்டும் கரை சேர்த்திருக்காது. ஆலந்தூர், விருகம்பாக்கம் என்று சென்னைப் பக்கத்திலும், மதுரை மத்தியிலும், தெற்கே ராதாபுரத்திலும் வென்றதும் கட்சி ஒரு வட்டாரத்துக்குள் முடங்கியதில்லை என்பதைக் காட்டுகிறது.

ரிஷிவந்தியத்தில் அவர் சுமார் முப்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அலை வீசிய ஆண்டு. அதில் பெரிதாகப் படிக்க ஒன்றுமில்லை.

தேமுதிக இல்லாமலே ஜெயலலிதா வென்றிருப்பாரா?

வென்றிருப்பார் என்றே நினைக்கிறேன். அதிமுக அணிக்கு ஏறத்தாழ 52 சதவீதம், திமுக அணிக்கு 39.5. தேமுதிகவின் எட்டுப் புள்ளியை முழுவதுமாகக் கழித்தாலும் ஜெயலலிதாதான் முன்னால் இருக்கிறார். தனியாகவே 150 இடங்கள் வந்தன, பெரும்பான்மைக்கு 118 போதும். ஆனால் விஜயகாந்த் தனித்து நின்றிருந்தால் அந்த 150 வந்திருக்காது, திமுகவும் 23 இடங்களுக்குச் சுருங்கி எதிர்க்கட்சித் தகுதியைக்கூட இழந்திருக்காது. வெற்றியின் அளவைப் பெரிதாக்கியவர் அவர்.

2006-ல் அவர் அதிமுக வாக்கைப் பிரித்துத்தான் திமுக வென்றது என்ற வாதமும் இதன் உறவுதான். இரு அணிகளுக்கும் இடைவெளி சுமார் 5 புள்ளி, அவர் வாங்கியது 8.4. கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வரும். இரு கழகங்களும் வேண்டாம் என்று வந்தவர்கள், அவர் இல்லாவிட்டால் பாதிப்பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்பதை அந்தக் கூட்டல் மறந்துவிடுகிறது.

கூட்டணி முறிந்த பிறகு அவருடைய தனிபலம் அளக்கப்பட்டதா?

உடனே அளக்கப்பட்டது. 2012 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நடந்த மோதலில் விஜயகாந்த் நாக்கைத் துருத்தியதும், பத்து நாள் இடைநீக்கமும், தனித்து நின்று பாருங்கள் என்ற ஜெயலலிதாவின் சவாலும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த மாதமே சங்கரன்கோவில் இடைத்தேர்தல். அதிமுக தொண்ணூறாயிரத்துக்கு மேல் வாங்கியது. தேமுதிக பன்னிரண்டாயிரம் வாக்குகளுடன் நான்காம் இடம், டெபாசிட் போனது. மதிமுகவுக்குப் பின்னால்.

சில மாதங்களில் புதுக்கோட்டை இடைத்தேர்தல். திமுக ஒதுங்கிக்கொண்டது, தேமுதிக முப்பதாயிரம் வாக்குகளுடன் இரண்டாம் இடம்.

இரண்டில் எது உண்மையான அளவு? ஆளுங்கட்சி இறங்கி வேலை செய்யும் இடைத்தேர்தலை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது என்பது என் நிலைப்பாடு. ஆனாலும் சங்கரன்கோவிலின் பன்னிரண்டாயிரம் யோசிக்கவைக்கிறது. அது 2006-ன் சராசரி அளவேதான். எதிர்க்கட்சித் தலைவர் பதவி அந்த அடித்தளத்தில் ஒரு செங்கல்லையும் கூட்டியிருக்கவில்லை.

2014?

மோடி அலையைத் தமிழகத்தில் ஜெயலலிதா நிறுத்திக் காட்டிய தேர்தல். 39-ல் 37 அதிமுகவுக்கு. பாஜக, பாமக, மதிமுக எல்லோரும் சேர்ந்து நின்றும் தேமுதிகவுக்கு இடமில்லை. கூட்டணியில் அதிக தொகுதிகள் வாங்கியது தேமுதிக. வென்றது கன்னியாகுமரியில் பாஜகவும் தர்மபுரியில் பாமகவும். இந்தத் தேர்தலிலிருந்து விஜயகாந்தின் தனிபலத்தைப் பிரித்தெடுக்க வழியில்லை, முயலவும் வேண்டாம்.

2016-ல் 2.4 சதவீதம். கட்சி அவ்வளவு சுருங்கிவிட்டதா?

சுருங்கியது. ஆனால் 2.4 என்பது அதன் அளவு அல்ல. 104 தொகுதிகளில் வாங்கிய பத்து லட்சத்துச் சொச்சம் வாக்கை 232 தொகுதிகளின் மொத்த வாக்கால் வகுத்தால் வரும் எண் அது. நின்ற தொகுதிகளில் மட்டும் கணக்கிட்டால் ஐந்து சதவீதத்துக்கு மேல் வரும். 2006-ன் 8.4 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

தேமுதிக ஆதரவாளர்கள் இந்த இடத்தில் மகிழ்ந்துவிட வேண்டாம். 2006-ல் அந்த வாக்கு முழுவதும் அவருடையது. 2016-ன் ஐந்து சதவீதத்தில் மதிமுக, விசிக, இரு கம்யூனிஸ்டுகள், தமாகா என்று ஐந்து கட்சிகளின் வாக்கும் கலந்திருக்கிறது. அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது உண்மையிலேயே சிறியது.

உளுந்தூர்பேட்டையில் அவருக்கு 34,000-க்குச் சற்று மேல்; மூன்றாம் இடம். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் டெபாசிட்டுக்கு. அதற்குச் சில ஆயிரம் குறைவு. "டெபாசிட் இழந்தார்" என்ற ஒரு சொல்லில் அந்தத் தொகுதியில் ஏறத்தாழ 15 சதவீதம் வாங்கினார் என்பது காணாமல் போகிறது. முதல்வர் வேட்பாளருக்கு அது அவமானம்தான். ஆனால் பூஜ்யம் ஆகாது.

ஏன் சரிந்தது?

எம்எல்ஏக்கள் அணி அணியாக விலகியது ஒரு காரணம். 2013-ல் பண்ருட்டி ராமச்சந்திரன் போனார்; 2016 பிப்ரவரியில் அதிருப்தி எம்எல்ஏக்கள் பதவி விலகியதும் எதிர்க்கட்சித் தலைவர் தகுதியே போனது. தேர்தலுக்குச் சற்று முன் திமுக கூட்டணியை விரும்பிய ஒரு பிரிவும் வெளியேறியது. உடல்நலக் குறைவு இன்னொன்று. மேடையில் பேச்சு தடுமாறியதைச் சமூக ஊடகங்கள் இரக்கமின்றிக் கேலிசெய்தன.

ஆனால் என் பார்வையில் மூலகாரணம் 2011 வெற்றியேதான். இரண்டும் வேண்டாம் என்றவர்களின் வாக்கு, அவர் அதில் ஒன்றோடு சேர்ந்த அன்றே கலையத் தொடங்கியது. சேர்ந்து, பிரிந்து, பாஜகவோடு போய், பிறகு 2016 காஞ்சிபுரம் மாநாட்டில் கிங்கா கிங்மேக்கரா என்று தொண்டர்களிடம் கேட்டு, கருணாநிதி பழம் பாலில் விழும் என்று காத்திருக்க, கடைசியில் மூன்றாவது அணிக்குப் போனார். பேரம் நடந்த அந்த வாரங்களில் மாற்று என்ற பெயர் மிச்சமின்றிக் கரைந்தது. 2009-ல் வாக்களித்தவருக்கு 2016-ல் வாக்களிக்க இருந்த ஒரே காரணம் போய்விட்டது.

அன்று திமுகவோடு போயிருந்தால் ஆட்சி மாறியிருக்குமா?

அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் இடையே இருந்தது சுமார் ஒரு சதவீதப் புள்ளி. தாளில் போட்டால் மாறியிருக்கும். தரையில் போட்டால் இரண்டு சந்தேகங்கள்: ஐம்பதோ அறுபதோ தொகுதிகளை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும், அங்கே உதயசூரியனுக்குப் பழகிய கை முரசுக்குப் போயிருக்குமா? அடுத்தது, திமுக வேண்டாம் என்றே அவரிடம் வந்தவர்கள் பின்தொடர்ந்திருப்பார்களா? இவ்வளவு நெருக்கமான தேர்தலில் எந்தப் பக்கமும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேரத்தில் திமுக காட்டிய ஆர்வம் வெறும் மரியாதைக்காக அல்ல என்பது மட்டும் உறுதி.

வைகோ, சீமான், கமலோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறார்?

1996-ல் மதிமுக தன் முதல் சட்டமன்றத் தேர்தலில் ஆறு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வாங்கியது, இடமில்லை. மக்கள் நீதி மய்யம் 2021-ல் சுமார் 2.6 சதவீதம்; கமல்ஹாசன் கோவை தெற்கில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வாக்குகளில் தோற்றார். நாம் தமிழர் 2016-ல் ஒரு சதவீதத்தில் தொடங்கி, 2021-ல் 6.6, 2024-ல் 8.2 என்று ஏறியது. அந்த 8.2-ஐ எட்ட சீமானுக்குக் கட்சி தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. விஜயகாந்துக்கு எட்டே மாதங்கள். மறுபக்கம், சீமான் எந்தக் கூட்டணிக்கும் போகாமல் வாக்கைக் கூட்டிக்கொண்டே வந்தார். விஜயகாந்த் 2011-ல் அப்படியே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு ஓரளவு பதில் அங்கே இருக்கிறது.

2019, 2021, 2024 முடிவுகளையும் அவர் கணக்கில் சேர்க்கலாமா?

வேண்டாம். அப்போது அவர் நோயுற்றிருந்தார். கட்சியை நடத்தியவர் அவருடைய மனைவி பிரேமலதா. 2021-ல் 60 தொகுதிகளில் நின்று அரை சதவீதம்கூட வரவில்லை. 2023 டிசம்பர் 28 அன்று விஜயகாந்த் மறைந்தார். அடுத்த ஆண்டு விருதுநகரில் அவருடைய மகன் நாலாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தோற்றதில் அனுதாபம் எவ்வளவு, அதிமுக வாக்கு எவ்வளவு என்பது தனி விவாதம்.

நானே சரிபார்க்க விரும்பினால் எங்கே தொடங்குவது?

தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையில் "போட்டியிட்ட தொகுதிகளில் பெற்ற வாக்கு சதவீதம்" என்று ஒரு பத்தி இருக்கும். மாநில சதவீதத்தை விட்டு அதைப் பாருங்கள். வாக்குச்சாவடி வாரியான எண்ணிக்கை வேண்டுமானால் படிவம் 20. ஒரு எச்சரிக்கை: 2006 தொகுதியையும் 2011 தொகுதியையும் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நேராக ஒப்பிடாதீர்கள். 2008 மறுசீரமைப்பில் எல்லைகள் மாறிவிட்டன. 2006-ல் விருத்தாசலத்தில் முரசுக்கு விழுந்த வாக்கை இன்றைய விருத்தாசலத்தில் தேடினால், சில சாவடிகள் பக்கத்துத் தொகுதியில் இருக்கும்.